பழி முழுக்கக் கொரோனா மேலேயா?

அன்புள்ள சேகர்,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் சுகம். பிள்ளைகளின் மதிப்பெண் சரிந்ததற்குக் கொரோனாதான் காரணம் என்று நீ எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பிசா என்பது பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நடத்தும் தேர்வு. 2022 பிசா தேர்வில் 2018ஐவிட ஓ.இ.சி.டி. உறுப்பு நாடுகளின் கணக்குச் சராசரி ஏறக்குறைய 15 புள்ளியும், வாசிப்பு 10 புள்ளியும் இறங்கின. 20 புள்ளி என்றால் கிட்டத்தட்ட ஓராண்டுப் படிப்பு. பெரிய அடிதான். அதற்காகப் பழி முழுவதையும் கொரோனா தலையில் கட்டுவதா? பின்லாந்தைப் பார்: கணக்கில் 2003இல் 544, 2012இல் 519, 2018இல் 507, 2022இல் 484. பள்ளிகளை மூடுவதற்கு முன்பே 37 புள்ளி போயாச்சு! அமெரிக்காவில் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பல பத்தாண்டுகளாக அளந்துவந்த 'நேப்' என்ற தேசிய அளவிலான நீண்டகாலத் தேர்விலும் 13 வயதுப் பிள்ளைகளின் கணக்கு 1973இல் 266இலிருந்து 2012இல் 285க்கு ஏறியது. 2020 என்று நீ போட்டிருக்கும் 280, உண்மையில் 2019 கடைசியில் எழுதிய தேர்வு. அப்போதே இறக்கம் தொடங்கிவிட்டது. 2023இல் 271.

எனக்கு வயிற்றைக் கலக்குவது சராசரி அல்ல, அடித்தட்டு. அந்த நேப் தேர்வில் 2020க்கும் 2023க்கும் இடையில், மதிப்பெண் வரிசையில் கடைசி 10 சதவீத எல்லையில் இருந்த பிள்ளைகள், முதல் 10 சதவீத எல்லையில் இருந்தவர்களைவிடச் சுமார் இரு மடங்கு சறுக்கினார்கள். பிசா கணக்கில் அடிப்படைத் தேர்ச்சியாகக் கருதப்படும் இரண்டாம் நிலை என்பது இரண்டு வழிகளின் மொத்தத் தூரத்தை ஒப்பிடுவது, ஒரு விலையை வேறு நாணயத்துக்கு மாற்றுவது போன்ற கணக்கு, அவ்வளவுதான். 2022இல் ஓ.இ.சி.டி. நாடுகளில் 15 வயதினரில் 31 சதவீதம் பேர் அதைக்கூட எட்டவில்லை. உன் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது, சேகர்!

வரைபடத்தில் பிசா கணக்குக்கான கோட்டை 2000இல் தொடங்கியிருக்கிறாய். 2003க்கு முந்திய பகுதியை எடுத்துவிடு. கணக்குக்கான அளவுகோல் முழுதாக அமைந்ததே 2003இல்தான். இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது வெறுமனே கழித்துப் போடாதே. இரு ஆண்டுகளின் திட்டப் பிழைகள் (எல்லோரையும் சோதிக்காமல் ஒரு மாதிரியை மட்டும் சோதிப்பதால் சராசரியில் வரும் தடுமாற்றம்), கூடவே இணைப்புப் பிழை (இரு ஆண்டுத் தேர்வுகளை ஒரே அளவுகோலில் பொருத்துவதில் வரும் தடுமாற்றம்), இந்த மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடு. வித்தியாசம் அதன் இரு மடங்கைத் தாண்டினால் மட்டும் 'சரிவு' என்று எழுது. அப்படிப் பொருத்த உதவும், இரு தேர்வுகளிலும் வரும் பொதுக் கேள்விகளை மாற்றித் தேர்ந்தெடுத்திருந்தால் சராசரியே கொஞ்சம் நகர்ந்திருக்கும். இணைப்புப் பிழை அதற்காகத்தான். மெக்சிகோ, துருக்கி மாதிரி நாடுகளில் 15 வயதினரில் எத்தனை பேர் பள்ளிக்குள் இருக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே போடு. முன்பு வெளியே நின்ற பிள்ளைகள் உள்ளே வந்தால் சராசரி தேங்கும். அதைத் தோல்வி என்று எழுதினால் பாவம்.

சராசரிக் கோட்டுக்கு மேலும் கீழும் முதல் 10 சதவீதம், கடைசி 10 சதவீதம் என்ற இரண்டு எல்லைக் கோடுகளையும் வரைந்து அனுப்பு. அச்சுக்குப் போகும் முன் நான் ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
ரவி