‘ஆதாரம்: இணையம்’

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் வெளியாகும் ஊர்ப் பரம்பரைத் தொடரை முதல் வாரத்திலிருந்தே வாசித்து வருகிறேன். சென்ற வாரம் என் பூட்டனாரைப் பற்றி ஒரு பந்தி வந்திருந்தது. அவர் 1914 இல் மறுமணம் செய்தார் என்று எழுதிய கட்டுரையாளர், அடுத்த வரியிலேயே, “இணையத்தில் உள்ள கல்லறைப் பதிவின்படி அன்னாரின் முதல் மனைவி 1917 இல்தான் காலமானார்” என்று எழுதிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். கட்டுரையின் அடியில் ‘ஆதாரம்: இணையம்’ என்று இரண்டு சொற்கள் இருந்தன.

அன்று காலைச் சாப்பாட்டுக்கு முன்பே எனக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகள், “பெரியம்மா, பூட்டன் ஒரு மனைவி உயிரோடு இருக்க இன்னொரு பெண்ணைக் கட்டினவரா?” என்று கேட்டாள். எழுபத்தெட்டு வயதில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. தாயில்லாத நான்கு பிள்ளைகளை வளர்க்க ஆளில்லாமல், மூன்று வருடம் பொறுத்து, கோயிலில் மூன்று முறை ஓலை வாசித்து, அதாவது திருமண அறிவித்தல் செய்து, மறுமணம் செய்த மனிதர் அவர். அந்தச் சிறிய தாயின் கையால் சோறு உண்டு வளர்ந்தவர்தான் என் அம்மம்மா.

அந்த முதல் மனைவியான என் பூட்டி இறந்தது 1911 இல். இதைச் செவிவழிக் கதையாகச் சொல்லவில்லை. 2003 ஆவணியில், போர்நிறுத்தத்தில் பாதை திறந்து ஊருக்கு வந்து போகக்கூடியதாக இருந்த காலத்தில், எங்கள் ஊர்ச் சேமக்காலையில் (கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில்) அந்தக் கல்லுக்கு முன்னால் முழங்காலில் இருந்து வாசித்தேன். ஆண்டின் கடைசி இலக்கத்தில் பாசி படிந்து, ஒன்றின் தலை கொக்கிபோல வளைந்து தெரிகிறது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது ஏழுதான். ஆனால் கல்லின் அடிவரி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. புல்லைப் பிடுங்கி, மண்ணை விலக்கி, தண்ணீர் விட்டுக் கழுவியபோது ‘விரோதிகிருது வருடம் ஆடி மாதம்’ என்று எழுத்துத் தெளிவாக வந்தது. தமிழ் வருடப் பெயர்களில் விரோதிகிருது பிறந்தது 1911 சித்திரையில். 1917 பிங்கள வருடம். இலக்கத்தில் ஒன்றை ஏழாக மாறி வாசிக்கலாம். விரோதிகிருதைப் பிங்களவாக மாறி வாசிக்க யாராலும் முடியாது.

இணையத்தில் இருக்கும் படத்தை என் பேரன் எனக்குக் காட்டினான். நின்ற நிலையில் எடுத்த படம். அடிவரி இருக்கும் இடத்தில் புல் மட்டுமே தெரிகிறது. எடுத்தவர் யாரோ, அதைப் பார்த்து 1917 என்று தட்டச்சு செய்தவர் வேறு யாரோ. கட்டுரையாளர் எடுத்தாண்டது அந்தத் தட்டச்சை. படத்தையாவது திறந்து பார்த்திருந்தால், கல்லின் அடிப்பகுதி தெரியவில்லை என்ற ஒரு வரியை எழுதியிருப்பார். கல்லைப் பார்ப்பதும், கல்லின் படத்தைப் பார்ப்பதும், படத்தைப் பார்த்து வேறொருவர் எழுதியதைப் பார்ப்பதும் மூன்று வேறு காரியங்கள். மூன்றையும் ‘இணையம்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடினால், பிழை எங்கே நுழைந்தது என்று யார் கண்டுபிடிப்பது?

இணையத்தளங்களை நான் குறை சொல்ல வரவில்லை. கல்லறைப் படங்களையும் விபரங்களையும் சேர்த்து வைக்கும் தளங்களான ஃபைண்ட் எ கிரேவ் 1995 இலும், பில்லியன் கிரேவ்ஸ் 2011 இலும் தொடங்கியவை. அவற்றில் படம் எடுப்பவர்களும் எழுத்துப் பெயர்ப்பவர்களும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஊருக்கு வர முடியாத எத்தனையோ பிள்ளைகள் தங்கள் தாத்தாவின் கல்லை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். ஆனால் ஃபைண்ட் எ கிரேவில் யாரும் ஒரு பக்கம் திறக்கலாம். கல்லே இல்லாதவருக்கும் திறக்கலாம். இன்று இருக்கும் விபரத்தை நாளை திருத்தலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்தையும் பார்த்த திகதியையும் குறிக்காவிட்டால், நாளை அந்தப் பக்கம் திருத்தப்பட்ட பிறகும் தங்கள் பத்திரிகையில் 1917 அப்படியே நிற்கும். எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பக்கத்தில் பூட்டியின் பிறந்த திகதி, மாதம், வருடம் எல்லாம் இருக்கின்றன. கல்லில் பிறந்த திகதியே இல்லை! பிறகு எங்கிருந்து வந்தது? பேரன் தேடிப் பார்த்தான். யாரோ ஒருவர் இணையத்தில் வரைந்த வம்சாவளியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்த வம்சாவளியில் இதே திகதிக்கு ஆதாரமாகக் காட்டியிருப்பது அந்தக் கல்லறைப் பக்கத்தை. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி.

பெயர் விடயத்தில் நாங்கள் படும் பாடு தங்களுக்குத் தெரியாததல்ல. எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். இணையப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. ஒருவர் தகப்பன் பெயரை அந்தப் பெட்டிக்குள் போடுகிறார். இன்னொருவர் சொந்தப் பெயரைப் போடுகிறார். அண்ணனும் தம்பியும் இரண்டு குடும்பமாகிவிடுகிறார்கள். மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு அவர்களின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரை வைத்த காலமும் இருந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்கள். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும், உடுவில் பெண்கள் பாடசாலை 1824 இலும் தொடங்கியவை. அந்த மாணவர்களின் பெயரை இன்று இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் புதைக்கப்பட்ட வேறொருவரின் கல்லறை முதலில் வருகிறது. சேமக்காலையின் பெயரும் ஊரும் இல்லாமல் வெறும் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் வாசகர் யாருடைய கல்லறையில் போய் நிற்பார்?

நான்கு வருடங்களுக்கு முன் இதே மலரில் ‘கல்வெட்டில் உள்ளபடி’ என்று ஒரு கட்டுரையில் வந்தது. அது எந்தக் கல்வெட்டு என்று கேட்டு எழுதினேன். இறந்தவருக்கு முப்பத்தொன்றாம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரையும் நாம் கல்வெட்டு என்றுதான் சொல்கிறோம். கல்லில் வெட்டியதையும் அப்படித்தான் சொல்கிறோம். முன்னையது முப்பத்தொன்றாம் நாளுக்குள் பிள்ளைகள் நினைவிலிருந்து சொன்னது. பின்னையது பல வருடம் கழித்து மலாயாவிலிருந்து வந்த மகன் வைத்ததாகவும் இருக்கலாம். எங்கள் பூட்டியின் கல்லும் அப்படி வைத்ததுதான். இரண்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்க முடியாது. என் கடிதம் வெளிவரவில்லை. ஒரு பதிலும் வரவில்லை. அதற்கு முன் எங்கள் பழைய கோயிலின் படத்தை ‘இணையப் படம்’ என்று போட்டிருந்தீர்கள். அது என் தம்பி எடுத்த படம். அவன் இப்போது இல்லை. பெயரைப் போட்டிருந்தால் அந்தக் கடதாசியை வெட்டி வைத்திருப்பேன்.

இதெல்லாம் சின்ன விடயம் என்று தங்கள் அலுவலகத்தில் நினைக்கலாம். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706 இல் கட்டிய தேவாலயம் போரில் அழிந்தது. அதன் தளத்தில் பதித்திருந்த கற்களின் வாசகங்களை இன்றும் நாம் வாசிக்கிறோம் என்றால், 1877 இல் லுடோவிசியும், முன்பு இங்கே அரசாங்க அதிபராக இருந்த லூயிஸ் 1913 இலும் எந்த ஊரில், எந்தக் கோயிலில், கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பெயர்த்து அச்சிட்டதால்தான். அவர்களுக்கு இருந்த கவனம் நமக்கு இருக்கக்கூடாதா? 1981 இல் நமது யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. என் தாய்மாமன் வேறொன்றும் எடுக்காமல், பிறப்பு இறப்புத் திகதிகளை முன்பக்கத்தில் எழுதிய குடும்ப வேதாகமத்தைச் சைக்கிள் பெட்டியில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தார். மழையில் நனைந்து அரைவாசி மை ஓடிவிட்டது. பூட்டியின் வரி மட்டும் தப்பியது. அதிலும் 1911 ஆடிதான். மூத்தவர்கள் அப்படிச் சுமந்து காத்த திகதியைத் தங்கள் பத்திரிகை ஒரு வரியில் மாற்றிவிட்டது.

நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கட்டுரையாளரின் பெயரையும் இங்கே இழுக்கவில்லை. அவர் இளையவர், ஊர்மேல் ஆர்வமுள்ளவர். இனிமேல் இணையக் கல்லறைப் பதிவை எடுத்தாளும்போது, கல்லில் உள்ளபடியே பெயர், சேமக்காலையும் ஊரும், தளத்தின் பெயரும் பக்க இலக்கமும், பார்த்த திகதி, கல்லின் படத்தைப் பார்த்தாரா, தட்டச்சை மட்டும் பார்த்தாரா என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். படத்தில் தெரியாத பகுதி இருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். மூன்று வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

எங்கள் குடும்பத்துக்காக வரும் ஞாயிறு மலரில், அதே பக்கத்தில், கீழுள்ள திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்:

“சென்ற வாரக் கட்டுரையில் 1917 என்று குறிப்பிட்ட முதல் மனைவியின் மரணம் 1911 ஆடியில் நிகழ்ந்தது. ஆதாரம்: ஊர்ச் சேமக்காலையில் உள்ள கல்லின் அடிவரி, விரோதிகிருது வருடம் ஆடி மாதம், 2003 ஆவணியில் கொள்ளுப்பேத்தி நேரில் வாசித்தது. குடும்ப வேதாகமக் குறிப்பும் அதையே சொல்கிறது. இணையப் படத்தில் இந்த வரி தெரியாது.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வலிகாமம், யாழ்ப்பாணம்.