பென்சில் எழுத்து

ஆயர் ஈத்தாம், பினாங்கு.

அன்புத் தோழிக்கு,

நலம். நீயும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். செந்தூலில் மழை விட்டதா? இங்கே நாலு மணியானால் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. முழங்கால் வலி பரவாயில்லை. மற்ற கதையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இது போனில் சொல்ல வராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரிய நாத்தனார் போன மாசியில் தவறிப்போனது உனக்குத் தெரியும். பட்டர்வொர்த் வீட்டை ஒழிக்கிறோம் என்று அவர் மகள் கூப்பிட்டாள், போனோம். அலமாரியின் மேல் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் என் கடிதங்கள். நிச்சயம் ஆன பிறகு, 1990-இல் கோலாலம்பூரிலிருந்து வாரத்துக்கு ஒன்று இவருக்கு எழுதினேனே, அவைதான். பாதிக்குத் தபால்தலை வாங்கி ஒட்டியது நீ.

ஒன்றைப் பிரித்தேன். நான் நீல மையில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலில், பொடிப்பொடியாக, ரூமி எழுத்து. நான் 'மழை' என்று எழுதியிருக்கிறேன். அதன் தலைக்கு மேல் அதே சொல், மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில். 'ழ' வருகிற இடத்திலெல்லாம் அடியில் ஒரு சின்னக் கோடு, இங்கே நாக்கை மடி என்று அடையாளம். 'இப்படிக்கு' வரைக்கும் அப்படியே. எல்லாக் கடிதத்திலும்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குத் தமிழ் படிக்க வராது. 34 வருஷம் கூடவே வாழ்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. அக்காவைத் தமிழ்ப்பள்ளியில் போட்ட மாமனார், பையன் ஆங்கிலம் படிக்கட்டும் என்று இவரை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தாராம். சேர்த்தது 1970-இல். அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பள்ளிகளை மலாய்க்கு மாற்றத் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் இல்லாமல் போயிற்று.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால், "கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டேன், நீ படி." வாட்ஸ்அப்பில் எப்போதும் குரல்பதிவுதான். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். 2016-இல் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு என்று நாடே கொண்டாடியது. 1816-இல் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது நம்ம ஊர் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் என்று நான் மேடையில் பெருமையாகப் பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அந்த மனசு என்ன பாடுபட்டிருக்கும், சொல்லு.

பேப்பர் விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. காலையில் பசியாறும்போது தமிழ் நேசனை என் பக்கம் நகர்த்துவார். "படிச்சுச் சொல்லு." நானும் படிப்பேன். 2019-இல் நேசன் நின்றபோது கடைசி இதழை மடித்து பீரோவில் வைத்தார். வேறு பேப்பர் போட்டோம், அதையும் படித்தேன். வேலை ஓய்வு ஆன பிறகு எனக்கு என்ன வந்ததோ, ஒரு நாள், "கண்ணு இருக்குல்ல, நீங்களே படிங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. பேப்பரை விரித்து வைத்து நிதானமாகப் பக்கம் புரட்டுவார். மின்னல் எஃப்எம் செய்தியில் கேட்டதைப் பேப்பரில் படித்தது போல எனக்குச் சொல்வார். அதை நான் சரியாகக்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

வாய் மட்டும் அசைத்துப் படிக்கிற பிள்ளையை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர். வீட்டில் எங்கே பார்த்தேன்? அவர் இருக்கிறார், இருப்பார் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதில் கடிதங்களின் அந்த முத்து முத்தான கையெழுத்தை விடுதி அறையில் நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்ப்போமே, அது நாத்தனார் கை. நான் யார் வார்த்தையை நம்பிக் கழுத்தை நீட்டினேன்? திரும்பி வரும்போது ஃபெரியில் கேட்டேவிட்டேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு அக்கரையில் அக்கா வீட்டுக்குப் போவாராம். போகும்போது காசில்லை, பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் கட்டணம். இவர் சொல்லச் சொல்ல அக்கா பதில் எழுதுமாம். சரி, அக்காவே படித்துக் காட்டிய பிறகு ரூமி எதற்கு என்றேன்.

"அக்கா படிச்சா அக்கா குரல்ல கேக்குது. நானே படிச்சாத்தான் உன் குரல்."

அப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார், "டீச்சரக் கட்டிக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். டீச்சர்கிட்ட எப்படிச் சொல்றது?"

கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தேன். மூன்று நாள் உட்கார்ந்தார். நாலாம் நாள் நோட்டை மூடி என் கையில் கொடுத்து, பேப்பரை நகர்த்தினார். இப்போது தினமும் படிக்கிறேன், மரண அறிவிப்பு வரைக்கும்.

2004-இல் சிலாங்கூரில் தலைமையாசிரியை பதவி வந்ததே, மாமியாரை விட்டுவிட்டுப் போகமுடியாமல் நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இவரிடம் "கிடைக்கல" என்று சொன்னேன். அது உனக்கு மட்டும்தான் தெரியும். எனக்காக அவர் அன்றைக்கு எவ்வளவு வருத்தப்பட்டார்! அந்த வருத்தத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தவள் நான். அதற்காக மாமியார்மேல் எத்தனை வருஷம் சிடுசிடுத்தேன், அதற்கும் அவருக்குக் காரணம் தெரியாது.

மணி ஆறாகப் போகிறது, அவர் எழுந்துவிட்டார். இதை உறையில் போடுவதற்கு முன்னால் அவருக்குப் படித்துக் காட்டப்போகிறேன். மேலே எழுதிய பத்தி வரும்போது குரல் நிற்காமல் படிக்கவேண்டும்.

என்றும் உன் தோழி