பில்லில் என் பெயர், கடையில் அவர்கள் முடிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 21 வருஷமாக மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஒரு மருந்தாளுநர் எழுதுகிறேன். டி.பார்ம் படித்து, தமிழ்நாடு மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்து, அந்தச் சான்றிதழை நம்பிப் பிழைப்பவர்களில் ஒருத்தி. மருந்துக்கடைகளுக்கும் மருந்தாளுநர்களுக்கும் புதிய சட்டம் வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது, போகிறது. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் கடை முதலாளிகள், ஆன்லைன் நிறுவனங்கள், அதிகாரிகள். கவுண்டரில் நிற்கிறவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதுவார்கள், அது மற்ற நாள்களுக்கு. இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். அந்த வாராந்திர மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். இது எங்களுக்கு முதல் வருஷத்திலேயே மண்டையில் ஏற்றப்படும் பாடம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் ஏரியா மேனேஜர் போன் செய்தார். பக்கத்து ஊர்க் கிளையில் பார்மசிஸ்ட் இல்லை, இன்ஸ்பெக்‌ஷன் வரும் போலிருக்கிறது, உடனே போய் அங்கே நில்லுங்கள் என்றார். போனேன். நான் போன பிறகு என் கிளைக்கு அறுபது வயதுள்ள ஒரு அம்மா சீட்டு கொண்டுவந்திருக்கிறார். கவுண்டரில் இருந்த பையன் பிளஸ் டூ படித்தவன், நல்ல பையன், ஆனால் மருந்து படித்தவன் இல்லை. இரண்டு மாத்திரைக்கும் கவர் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டான். வாரம் ஒன்று என்பது ஃபோலிக் ஆசிட் கவரிலும், தினம் ஒன்று என்பது மற்றதிலும் போய்விட்டது. பதினொரு நாள் கழித்து அவருடைய மகள் அந்தக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். அம்மாவால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அழுதார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் நான் அந்த முகத்தை மறக்கவில்லை.

பில்லை எடுத்துப் பார்த்தோம். பார்மசிஸ்ட் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. நான் அந்த நேரத்தில் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கடையில் நின்றுகொண்டிருந்தேன், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. விளக்கம் கேட்டு மெமோ எனக்கு வந்தது. பையனை வேலையை விட்டு அனுப்பினார்கள். என்னை அங்கே போகச் சொன்னவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதைச் சொந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள எழுதவில்லை. இப்போதைய சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது அந்த ஒரு பில்லிலேயே தெரிகிறது. மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940இல் வந்தது, அதன் விதிகள் 1945இல். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தானே கொடுக்க வேண்டும், அல்லது அவர் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்று 65ஆம் விதி சொல்கிறது. 1948ஆம் வருஷத்து மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவோ, சீட்டு மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் கொடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் கடைக்குச் சொந்தக்காரர் யாராகவும் இருக்கலாம், மருந்தாளுநர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் போதும். பொறுப்பு படித்தவர் தலையில், அதிகாரம் பணம் போட்டவர் கையில்.

அப்புறம் 66ஆம் விதி. உரிமத்தை ரத்து செய்வதும் தற்காலிகமாக நிறுத்துவதும் இதன் கீழ்தான். தவறு செய்தது ஊழியர், அதற்கு எங்கள் இயக்குநர் யாரும் தூண்டுதலோ உடந்தையோ இல்லை, இதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் இப்படி எதுவும் நடக்கவில்லை என்பது போன்றவற்றைக் கம்பெனி நிரூபித்துவிட்டால் உரிமத்தில் கை வைக்க முடியாது. தெருமுனையில் ஒரே கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு நியாயம்தான், கடைப் பையன் செய்த தவறுக்கு அவர் வாழ்க்கையே போகக் கூடாது. நூற்றுக்கணக்கான கிளைகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் அதே விதிதான் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. எந்த இயக்குநர் ஒரு கிளைக்குப் போன் செய்து தப்பு மருந்து கொடு என்று தூண்டுவார்? அவர் செய்வது வேறு. ஆளைக் குறைப்பார், டார்கெட் வைப்பார், ஒரு பார்மசிஸ்டை இரண்டு கடைக்கு ஓடவிடுவார். இது எதுவும் தூண்டுதல் கணக்கில் வராது. போதாததற்கு உரிமம் கடை வாரியாகத்தான். ஒரு கிளையைப் பத்து நாள் மூடினால் அடுத்த தெருக் கிளை விற்றுக்கொண்டே இருக்கும்.

டார்கெட்டைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாது, அதனால் சொல்கிறேன். பல கடைகளில் 20 சதவீதத் தள்ளுபடி என்று போர்டு வைக்கிறார்கள். அரசு உச்ச விலை வைத்திருக்கும் மருந்துகளில் சில்லறைக் கடைக்குக் கணக்கில் கொடுக்கப்படும் லாபமே 16 சதவீதம்தான். அப்புறம் எப்படி 20 கொடுக்க முடியும்? எங்காவது வேறு இடத்தில் எடுத்தாக வேண்டும். அட்டையில் ஒரு விலை அச்சடித்து அதில் ஒரு சின்னப் பங்குக்குக் கடைக்கு வரும் மருந்துகள் இருக்கின்றன, கம்பெனியின் சொந்த லேபிளில் வரும் வைட்டமின், புரோட்டீன் பவுடர் இருக்கிறது. அவற்றைத் தள்ளத்தான் டார்கெட், இன்சென்டிவ் எல்லாம். டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துக்குச் சீட்டில் உள்ளதை மாற்றி வேறொன்று கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் மாசக் கடைசியில் டார்கெட்டுக்குக் கீழே இருக்கிற பார்மசிஸ்ட், இதே மருந்துதான் வேற கம்பெனி என்று ஏன் சொல்கிறார் என்று யாராவது யோசித்ததுண்டா? வலி மாத்திரையைப் போதைக்குத் தேடி வரும் பசங்களிடம் சீட்டு இல்லாமல் கிடையாது என்று சொல்லக்கூட ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்குச் சட்டத்தின் துணை வேண்டும்.

பெரிய நிறுவனங்களை மட்டும் குறை சொல்லி நழுவ முடியாது. அந்தக் கடைகளில் பிரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறது, பில் கொடுக்கிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் இன்சுலின் கிடைக்கிறது. சான்றிதழ் வாடகை என்ற அசிங்கம் அதிகம் நடப்பது சின்னக் கடைகளில்தான். சுவரில் சான்றிதழ் தொங்கும், அதற்கு உரியவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். என்னோடு படித்தவர்களிலேயே செய்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டும், பதிவையே நீக்கினாலும் நான் வருத்தப்பட மாட்டேன். தமிழ்நாடு அரசின் மலிவு விலை மருந்துக்கடைத் திட்டமான முதல்வர் மருந்தகத் திட்டத்தில் 2025 பிப்ரவரி 24 அன்று 1000 கடைகள் திறந்தபோது, பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்கள் சொந்தமாகக் கடை நடத்த வழி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அப்படிப் படித்தவர்களின் ஒப்புதலோடு மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அதிலும் ஒரு வழி வைத்தார்கள். அந்த ஒப்புதல் நாளைக்கு வாடகைச் சான்றிதழாக மாறாது என்று யார் உறுதி சொல்வது?

ஆன்லைன் விற்பனைக்கு வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வந்தன. அந்த டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் ஆன்லைன் மருந்து விற்பனைக்குத் தடை போட்டன. சென்னை உத்தரவை மேல்முறையீட்டில் நிறுத்தி வைத்தார்கள். கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் வீட்டுக்கே மருந்து கொடுக்க ஒரு அவசர அறிவிக்கை போட்டார்கள். மருந்து இன்றைக்குப் பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு வருகிறது, இறுதி விதிதான் வரவில்லை. 1948 சட்டத்துக்குப் பதிலாக தேசிய மருந்தியல் ஆணைய மசோதாவின் வரைவை 2023 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்டது. படிப்பு, பதிவு, தொழில் நெறி எல்லாவற்றுக்கும் வாரியம் என்கிறார்கள். சரி, நல்லது. ஆனால் மருந்தாளுநரின் நெறியை மட்டும் இறுக்கிவிட்டு அவருக்குச் சம்பளம் கொடுப்பவரை விட்டுவிட்டால் என் மெமோ கதைதான் திரும்பவும் நடக்கும்.

ஜெர்மனியில் மருந்தாளுநர் மட்டுமே மருந்துக்கடை வைக்க முடியும், அதுவும் ஒரு முதன்மைக் கடையும் மூன்று கிளைகளும்தான். மருந்தாளுநர் அல்லாதவர் கடை வைக்கக் கூடாது என்ற தடை சரிதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. இருக்கிற கடைகளை மூடினால் கிராமத்து ஜனங்கள்தான் அலைவார்கள். நான் கேட்பது அதைவிடக் குறைவு. சீட்டு மருந்துக்கு விற்பனை டார்கெட் வைப்பதைக் குற்றமாக்குங்கள். ஒரு மருந்தைக் கொடுக்க மறுத்ததற்காகவோ கடையை விட்டு நகர மாட்டேன் என்றதற்காகவோ மருந்தாளுநரைத் தண்டிக்க முடியாது என்று எழுதி வையுங்கள். 24 மணி நேரக் கடை என்றால் ஷிப்டுக்கு ஒருவராவது பதிவு பெற்றவர் இருக்கிறார் என்று வருகைப் பதிவைக் காட்டட்டும், பில்லில் கடையில் நிஜமாக இருப்பவரின் பெயர் மட்டும் அச்சாகட்டும். ஒரே நிறுவனத்தின் கிளைகளில் ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப நடந்தால் நடவடிக்கை கிளையோடு நிற்காமல் தலைமை அலுவலகம் வரை போகட்டும். 66ஆம் விதியில் உள்ள பாதுகாப்பு, தேவையான ஆள்களை வேலைக்கு வைத்திருந்தோம் என்று காட்ட முடிந்த முதலாளிக்கு மட்டும் கிடைக்கட்டும்.

நான் இப்போது ஒரு சின்னக் கடையில் இருக்கிறேன், சம்பளம் குறைவு. மெத்தோட்ரெக்ஸேட் சீட்டு வந்தால் கவரில் சிவப்பு மையில் கிழமையை எழுதி, வந்தவரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லித்தான் கொடுக்கிறேன். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தை எந்தக் கடையிலும் எந்த மேனேஜரும் பறிக்க முடியாதபடி சட்டம் எழுதச் சொல்லி எங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திருச்சி