இரண்டு படிவம் 16, ஒரே கணக்கு

அன்பு மகளுக்கு,

போனில் அவசரமாகப் பேசியதில் விஷயம் முழுதாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் விடுதித் தோழிக்கு வருமான வரி ரிட்டர்ன் (வருமானக் கணக்கு) போட்டு, ரீஃபண்டும் வாங்கித் தருகிறாராம் ஓர் ஏஜென்ட். அவரிடம் உன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதே பாப்பா. வருமான வரித் துறையின் இணையதளத்தில் தாக்கல் செய்ய ஒரு பைசா கட்டணம் கிடையாது. உனக்குச் சம்பளமும் வங்கி வட்டியும்தான் வருமானம். மொத்தம் 50 லட்சம் தாண்டாதவரை ‘சகஜ்’ என்கிற ஐடிஆர்-1 போதும். பல கட்டங்களைத் துறையே நிரப்பி வைத்திருக்கும்.

கூடுதலாகப் பிடித்த வரிதான் ரீஃபண்டாகத் திரும்பி வரும். கொடுக்காத வாடகையையும் தராத நன்கொடையையும் எழுதி வாங்கினால் அது திருட்டுப் பணம். நோட்டீஸ் வருவது உன் பெயருக்கு. பொய்க்கணக்குக்கு அபராதம், மறைத்த வரியைப்போல் இரு மடங்கு. ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தபோது, அப்படிப்பட்ட நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்ற தொழிலாளர்களைப் பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள். இன்றும் மனம் ஆறவில்லை.

அடுத்து, நீ அக்டோபரில் கம்பெனி மாறினாயே, அதைக் கவனி. உன் கையில் இரண்டு படிவம் 16 இருக்கும்; கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி ஒவ்வொரு கம்பெனியும் தரும் சான்று அது. பழைய இடத்தில் 5 லட்சம், புதிய இடத்தில் 9 லட்சம் வாங்கினாய் என்று வைத்துக்கொள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது என்பதால், இருவரும் அவரவர் கொடுத்ததை மட்டும் பார்த்து ஒன்றும் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் 2025-26 நிதியாண்டுக்கு உன் கணக்கு ஒன்றுதான். 14 லட்சத்தில், சம்பளக்காரர்களுக்கு விட்டுத்தரும் நிலையான கழிவு 75,000, அதுவும் ஒரே முறைதான், போக 13,25,000. அதற்கு வரி 78,750; வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து 81,900 ரூபாய். ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீத வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். சேர்ந்த அன்றே பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் கொடுத்திருந்தால் புதிய கம்பெனியே மாதாமாதம் பிடித்திருக்கும். கொடுத்தாயா என்று பார். இல்லையென்றால் பதற வேண்டாம். வரியை இணையத்திலேயே கட்டிவிட்டுத் தாக்கல் செய்யலாம், காலம் தாழ்த்தத்தான் கூடாது.

குடியாத்தத்தில் பாட்டி உன் பெயரில் போட்ட டெபாசிட் வட்டியையும் சேர்த்துக்கொள். ஆண்டுக்கு 50,000 தாண்டாததால் வங்கி வரி பிடிக்காது. அதற்காக அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. அதே இணையதளத்தில் ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் தரவிறக்கு. பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதி, மாதம், ஆண்டு சேர்த்தால் திறக்கும். இரண்டு சம்பளம், டெபாசிட் வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி எல்லாம் வரிவரியாக இருக்கும். படிவம் 16 இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொகையாகப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வா. ஒத்துப்போகாத தொகை இருந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

கடைசி நாள் ஜூலை 31. தவறினால் உன் வருமானத்துக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். தாக்கல் செய்ததும் வேலை முடிந்தது என்று மூடிவிடாதே. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாத ரிட்டர்ன் செல்லாது.

சனிக்கிழமை காட்பாடியில் இறங்கும்போது இரண்டு படிவங்களும் பையில் இருக்கட்டும். நீயே போடு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆதாரில் இன்னும் நீ கல்லூரியில் வைத்திருந்த பழைய போன் எண்தானா? அப்படியானால் அதை முதலில் மாற்றிவிட்டு வா.

அன்புடன்,
அப்பா