திரையை அணைத்தால் ஒலியும் நிற்கிறது: சந்தாப் பணம் குறித்த புகார்

அனுப்புநர்: கைத்தறி நெசவாளர், குடியாத்தம், வேலூர் மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: உங்கள் பிரவுசர் செயலியில் பாட்காஸ்ட் கேட்க முடியாதது.

ஐயா / அம்மா,

போன பங்குனியில் உங்கள் பிரவுசருக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். கட்டவைத்தது முழங்கால் வலி. தறிக்குழியில் மிதித்து மிதித்து வந்த வலிக்கு என்ன செய்யலாம் என்று ஒரு டாக்டர் பேசிய பாட்காஸ்டைப் போனில் தேடிக் கேட்டேன். மறுநாளில் இருந்து எதைத் திறந்தாலும் மூட்டுவலித் தைலம், முழங்கால் பட்டை, கடைசியில் ஆபரேஷனுக்குக் கடன். அதே போனில்தான் வீட்டுக்காரி மகளிர் குழுக் கணக்குப் பார்க்கிறாள், பையன் பாடம் படிக்கிறான். யாரும் பின்தொடர முடியாது, திரையை அணைத்தாலும் ஒலி ஓடும் என்று உங்கள் விளம்பரம் சொன்னது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் 999 ரூபாய் கொடுத்தேன்.

தறியில் உட்கார்ந்தால் ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும், இன்னொரு கை ஊடையை அடித்துச் சேர்க்கும், கால் இரண்டும் மிதியில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. போனை மாடக்குழியில் வைத்து இயர்போனை மாட்டிக்கொண்டால், திரை அணைந்த சில நிமிடங்களில் ஒலி நின்றுவிடுகிறது. எழுந்து, கையைத் துடைத்து, போனைத் திறந்து மறுபடி ஓடவிட வேண்டும். ஒரு கைலி முடிவதற்குள் எத்தனை முறை எழுவது? பேட்டரிக் கட்டுப்பாட்டில் இருந்து உங்கள் செயலிக்கு விலக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று, அதைச் செய்யச் சொல்லித் திரும்ப எழுதாதீர்கள்.

போன வாரம் வேலூர்ப் புரட்சி பற்றிய ஒரு நிகழ்ச்சி கேட்டேன். தோல் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை, சிப்பாய்களின் கோபம் எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆற்காட்டில் இருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு கிளம்பிய இடத்தில் நின்றது. செயலியை மூடித் திறந்தால் மறுபடி முதலில் இருந்து. 1806 ஜூலை 10 அன்று காலையிலேயே கோட்டைக்கு வந்து சேர்ந்த மனுஷன், என் போனில் நான்கு நாளாக வழியிலேயே நிற்கிறார். மூடியதும் தடயத்தை எல்லாம் அழிப்பது உங்கள் பெருமை. சரி, அழியுங்கள். ஆனால் எந்த நிமிடத்தில் நிறுத்தினேன் என்பது என் போனுக்குள்ளேயே கிடக்கவேண்டிய சங்கதி, அதை வைத்திருந்தால் யாருக்கு என்ன தெரிந்துவிடும்?

வேறு சில நிகழ்ச்சிகள் ஓடவே இல்லை. காட்பாடியில் கம்ப்யூட்டர் படிக்கும் தங்கச்சி மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். ஆர்எஸ்எஸ் என்று அவள் ஆரம்பித்ததும் நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டேன், அது கிடக்கட்டும். பாட்காஸ்ட் நிகழ்ச்சிகளின் பட்டியலையும் முகவரிகளையும் செயலிகளுக்குக் கொடுக்கும் ஓடைக்குத்தான் அந்தப் பெயராம். அந்த ஓடையில் உள்ள முகவரி நேராக ஒலிக்கோப்புக்குப் போவதில்லையாம். எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணும் ஒரு நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுவிட்டுத்தான் போகிறதாம். உங்கள் தடுப்பு அந்தக் கணக்குப்பிள்ளையை நிறுத்துகிறது, அவருக்குப் பின்னால் இருக்கும் கோப்பும் சேர்ந்து நின்றுவிடுகிறது. அந்த நீளமான முகவரிக்குள்ளேயே எம்பி3 கோப்பின் சொந்த முகவரியும் இருந்தது. அதை மட்டும் வெட்டி ஒட்டினாள், உடனே பேசத் தொடங்கியது. ஒரு மாணவி பத்து நிமிடத்தில் கையால் செய்ததை உங்கள் செயலி தானாகவே செய்யலாமே.

இதையெல்லாம் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஒரே பதில்: 'அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.' அணைத்துக் கேட்பதற்கு, போனோடு இலவசமாக வந்த பிரவுசரே போதும். அதில் திரை அணைந்தும் ஒலி ஓடுகிறது, முழங்கால் தைலமும் கூடவே வருகிறது. தைலம் வேண்டாம் என்றுதானே உங்களிடம் வந்தேன்?

இந்த மூன்றையும் ஒரு மாதத்துக்குள் சரிசெய்யுங்கள். முடியாது என்றால் இப்போதே சொல்லி, மீதி மாதங்களுக்கான பணத்தைக் கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கட்டண ரசீதையும், ஒலி நின்ற நேரங்களைக் குறித்து வைத்த தாளின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பதிலை மின்னஞ்சலில் அனுப்பவும். பகலில் போன் செய்தால் எடுக்கமாட்டேன், கை தறியில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்