இசைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 சித்திரை முதல் 2025 பங்குனி வரை

போஷகர் அவர்களே, தலைவர் அவர்களே, வந்திருக்கும் பதினொரு உறுப்பினர்களே,

பொதுக்கூட்டம் மூன்று மணிக்கு என்று அறிவித்திருந்தோம். நாலரைக்குத் தொடங்குகிறோம். மொத்த உறுப்பினர் 31 பேர். வராதவர்களின் பெயரை வாசித்தால் அறிக்கையின் பாதி அதற்கே போய்விடும்.

நிர்வாகக் கூட்டம் ஏழு முறை நடந்தது. முன்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கி கொடுத்தோம். பொங்கல் விழாவும் நடந்தது. பயிற்சி வழமைபோல ஞாயிறு பிற்பகல்களில் சனசமூக நிலைய மண்டபத்தில். அந்த மண்டபத்தை 2024 செப்டெம்பரிலும் நவம்பரிலும் தேர்தலுக்குக் கொடுத்தோம். நவம்பர் கடைசியில் வெள்ளம் எடுத்துக்கொண்டது. தேர்தலன்று வாசலில் தொங்கிய ‘முற்போக்கு ரொக் இசைப் பயிற்சி’ என்ற அட்டையைக் கண்டு, இது எந்தக் கட்சி, சின்னம் என்ன என்று ஒரு வாக்காளர் கேட்டாராம். உத்தியோகத்தர் அட்டையைக் கழற்றி வைத்தார். இன்னும் திரும்பி வரவில்லை.

முற்போக்கு ரொக் என்றால் என்னவென்று உறுப்பினர் சிலருக்கே தெளிவில்லாததால் சொல்கிறேன். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் ரொக் வாசித்த இளைஞர்களுக்கு மூன்று நிமிடப் பாட்டும் நாலு எண்ணிக்கைத் தாளமும் அலுத்துவிட்டன. 1969இல் கிங் கிரிம்சன் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. 1972இல் யெஸ் குழு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தது. அதே ஆண்டில் ஜெத்ரோ டல் இரண்டு பக்கத்தையும் ஒரே பாட்டாக்கியது. அதோடு பார்த்தால் எங்கள் 23 நிமிடப் பாட்டு அடக்கமானது.

அந்த 23 நிமிடத்தைப் பற்றித்தான் ஆண்டு முழுவதும் குறை கேட்டேன். ஆகவே இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘குளம்’ என்ற இந்த ஆக்கம் ஐந்து பகுதி கொண்டது: மழை, வான் பாய்தல் (குளம் நிரம்பி வழிவது), துருசு (மதகு), வாய்க்கால், அரிவுவெட்டு (அறுவடை). தண்ணீர் போகும் வழியில் பாட்டும் போகிறது. துருசில் பேஸ் கிற்றார் மட்டும் ஒரே சுரத்தில் நிற்கும். வாய்க்கால் ஏழு எண்ணிக்கையில் ஓடும். கடைசிப் பகுதி ஐந்தில். ஏழு என்றதும் றம்ஸ் வாசிக்கும் தம்பி, எட்டாவது அடி எங்கே போனது என்று இரண்டு மாதம் தேடினார். ஒரு ஞாயிறு வந்திருந்த எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், வெற்றிலையை மென்றபடியே ‘தகிட தகதிமி’ என்று மேசையில் தட்டிக் காட்டினார். அவருக்கு அது மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளம். பிங்க் ஃபிளாய்ட் குழு 1973இல் பணத்தைப் பற்றிப் பாடிய பாட்டும் ஏழில்தான் நடக்கிறது என்று போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நடுவிலே நாலுக்கு மாறிவிட்டான், பிறகு திரும்பி வந்துவிட்டான்” என்றார். சரியாகவே சொன்னார், கிற்றார் தனியாக வாசிக்கும் இடம் அதுதான்.

இவ்வளவு நீளமாக யார் கேட்பார்கள் என்கிறார்கள். கோவலன் கூத்தை விடிய விடியப் பாயில் இருந்து பார்த்த சனத்தின் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அரங்கேற்றம் ஒரு கோயில் திருவிழாவில் நடந்தது. எங்களுக்கு அரை மணி நேரம் தந்திருந்தார்கள். பதினோராவது நிமிடத்தில் துருசு தொடங்கி எல்லா வாத்தியமும் அடங்கியது. பாட்டு முடிந்துவிட்டதென்று அறிவிப்பாளர் நன்றி சொல்லி, அடுத்த நடனத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவிட்டார். பேஸ் வாசிப்பவர் அந்த ஒரு சுரத்தை விடவில்லை. மேடையில் ஏறிய சிறுமிகள் அதற்கு ஏற்ப இரண்டு அடி வைத்தும் பார்த்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் எங்கள் இணைப்பைக் கழற்றியதோடு வாய்க்கால் வறண்டது. நான் மேடையிலேயே கோபப்பட்டது உண்மை. பயன்படுத்திய சொற்களுக்கு ஆலய நிர்வாகத்திடம் ஏற்கெனவே வருத்தம் தெரிவித்துவிட்டேன். மீதிப் பன்னிரண்டு நிமிடத்தை எங்கள் ஊர் இன்னும் கேட்கவில்லை.

ஆகவே ஒலிப்பதிவு செய்தோம். அதற்கான பெட்டியைச் சங்கக் காசில் வாங்கியதாகப் பேசப்படுகிறது. சிறுபோகத்து உழுந்து விற்ற என் சொந்தக் காசில் வாங்கியது, கடைப் பற்றுச்சீட்டு இருக்கிறது. பதிவை இணையத்தில் ஏற்றினோம். பென்டிரைவில் ஏற்றித் தனியார் பஸ் சாரதி ஒருவரிடமும் கொடுத்தேன். பரந்தனில் போட்ட பாட்டு தருமபுரம் தாண்டியும் முடியவில்லை என்றார். இடையில் ஒரு அம்மா, ரேடியோ பழுதா தம்பி என்று கேட்டாராம். விசுவமடுவில் இறங்கிய ஒரு பொடியன் மட்டும் பாட்டின் பெயரை விசாரித்திருக்கிறான். அவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு. வரவு ஒருவாறு செலவைத் தொட்டது. விவரம் பொருளாளரின் நீலக் கொப்பியில் உள்ளது. சந்தா கட்டியவர்கள் பார்க்கலாம். மாதச் சந்தா 200 ரூபா. ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் ஒன்பது பேர், அவர்களில் இருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்கு 200 ரூபா பாரம் என்றால் நான் பேசமாட்டேன், இது கஷ்டமான ஊர். ஆனால் சந்தாவும் தராமல், பயிற்சிக்கும் வராமல், தேநீருக்குச் சீனி குறைவு என்று மட்டும் வட்சப்பில் எழுதுவதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மண்டபம் தந்த சனசமூக நிலையத்தாருக்கும், ஜெனரேற்றர் தந்தவருக்கும், தாளம் தந்த அண்ணாவியாருக்கும் நன்றி. ஞாயிறுதோறும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அயலவர்களுக்கும் நன்றி சொல்லும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன்.

வரும் ஆண்டுக்குப் புதிய செயலாளரைத் தெரிவு செய்வதானால் எனக்கு ஆட்சேபனை இல்லை. மண்டபத் திறப்பை இன்றே மேசையில் வைத்துவிடுகிறேன். ஒலிப்பதிவுப் பெட்டி என்னுடையது என்பதையும், அடுத்த ஆக்கத்துக்கு மூன்று பகுதி எழுதி முடித்திருக்கிறேன் என்பதையும் தகவலுக்காக மட்டும் சொல்கிறேன். றம்ஸ் வாசிக்கும் தம்பி ஆவணியில் பிரான்ஸ் போகிறார். அரிவுவெட்டுக் காலத்திலும் ஞாயிறு பிற்பகல் வரக்கூடிய ஒருவரை யாராவது அறிந்திருந்தால் அறிமுகப்படுத்துங்கள். ஏழு வரை எண்ணத் தெரிந்தால் போதும். சந்தாவைப் பற்றி அவரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்