அண்ணனின் முதுகு வலி

பென்னாகரம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மைத்துனருக்கு முதுகு விறைத்துப்போய்ப் பத்தாண்டாக வாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், குணமில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து, அண்ணனின் கதையை உனக்கு உடனே எழுதிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அண்ணனுக்கு முப்பத்தைந்து வயதில் இடுப்பு வலி தொடங்கியது. முதுகு வளையவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் தண்ணீரைத்தான் சொல்வார்கள். அதில் தவறும் இல்லை. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளூரைடு எத்தனையோ பேரின் எலும்பை இறுக்கியிருக்கிறது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கும் அதுவே காரணம். பிறகு ஒரு மருத்துவர் முதுகெலும்பு வாதம் என்றார். அந்த வாதத்தோடு தொடர்புள்ள மரபுக் கூறைத் தேடும் எச்.எல்.ஏ. பி27 சோதனையில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அளவும் ஏறவில்லை, ஆனாலும் மாத்திரை நிற்கவில்லை.

சென்ற ஆவணியில் முழங்கால் மாற்று அறுவைக்காக மூட்டைத் திறந்தபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு கரிபோல் கறுத்திருந்தது. மறுநாள் மருத்துவர் அண்ணனின் காதைத் திருப்பிப் பார்த்தார். மடலில் நீலம் பாய்ந்திருந்தது. வெள்ளைவிழியில் பழுப்புத் திட்டுகள். சிறுநீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, மூடாமல் ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். மாலையில் வைக்கோல் நிறத்தில் இருந்தது, விடிந்தபோது வரக்காப்பியாக மாறியிருந்தது.

நோயின் பெயர் அல்கேப்டோனூரியா. புரதத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் உடைந்துவரும் வழியில் ஒரு நொதி வேலை செய்யாததால், ஹோமோஜென்டிசிக் அமிலம் உடலில் தேங்கிக் குருத்தெலும்பில் கறையாகப் படிந்து, அதை நொறுங்கவைக்கிறது. அண்ணனின் பழைய எக்ஸ்-ரேயில் முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டுகள் சுண்ணாம்பு படிந்து வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. அதைப் பார்த்தவர் யாரும் சிறுநீரைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அவன் துணியை மட்டும் சோடா போட்டுத் துவைச்சா இன்னும் கறுக்கும்டா" என்றார். சோடா போன்ற காரப்பொருள் பட்டால் சிறுநீரிலுள்ள அந்த அமிலம் விரைவில் கறுக்கும். விடை ஐம்பது வருடமாக எங்கள் வீட்டுத் துணிக்கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்த நோயுள்ளவர்களின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவினர் என்பதை 1902-லேயே ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். எங்கள் அப்பாவுக்கு அக்காள் மகள்தான் அம்மா. இப்போது அண்ணன் மகளைத் தங்கை மகனுக்குக் கேட்கிறார்கள். முறைதான், பிள்ளைகளுக்கும் விருப்பம்தான். ஆனால் அந்தப் பெண், தனக்கு நோய் இல்லாவிட்டாலும், அண்ணனிடமிருந்து வந்த இந்தக் குறையுள்ள மரபணுவைச் சுமப்பது உறுதி. அவனும் சுமந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். மரபணுச் சோதனை முடியாமல் தாம்பூலம் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தங்கை என்னோடு பேசி இருபது நாளாகிறது. அதற்காக நான் பின்வாங்கப் போவதில்லை.

நிடிசினோன் என்ற மருந்து அந்த அமிலத்தை வெகுவாகக் குறைக்கிறது; 2020-இல் ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு அனுமதித்திருக்கிறார்கள். கெட்டுப்போன மூட்டை அது திருப்பித் தராது என்பதால்தான் அண்ணன் இழந்த வருடங்களை எண்ணி எனக்கு ஆறவில்லை. வாதமென்று தவறாக எண்ணப்படும் பிறவிக் குறை இது ஒன்றுதான் என்றில்லை. ஃபேப்ரி நோயில் கைகால் எரிகிறது, கோஷே நோயில் எலும்பு வலிக்கிறது.

மைத்துனரின் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. இன்று மாலையே ஒரு கண்ணாடிப் பாட்டிலை அவரிடம் கொடு. காலையில் என்ன நிறம் என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் நண்பன்